கொள்ளை நோயும் காய்கனி வாணிபமும்

திருவண்ணாமலை நகரத்தின் வாணிபம் பௌர்ணமியைக் கணக்கிட்டு நடைபெறுவது என்பதை நமது மாவட்டத்தார் யாவரும் அறிவர். மாதந்தோறும் முழுநிலா நாளில் பதினான்கு கிலோமீட்டர் தூரம் நடந்து அண்ணாமலையை வலம் வரும் பெருந்திரளான மக்களுக்கு வேண்டிய பூவும், வாழைப்பழமும், இளநீரும், வெள்ளரிப் பிஞ்சும், அன்னதானக் கூடங்களுக்கு வேண்டிய கத்தரிக்காயும் பூசணிக்காயும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பெருமளவில் வந்து சேருகின்றன. கீழ்பென்னாத்தூர், துரிஞ்சாபுரம், தண்டராம்பட்டு, செங்கம் ஆகிய ஒன்றியங்களில் கிணற்றுப் பாசனமுள்ள குடியானவர் பலர், பௌர்ணமிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தே பறிப்பை அமைத்துக்கொள்வர். பஞ்சாங்கம் அவர்களுக்குச் சந்தை அட்டவணையும் ஆகும்.

2020-ம் ஆண்டில் இந்தக் கணக்கு பொய்த்துப் போயிற்று. அவ்வாண்டு மார்ச்சு 24-ந் தேதி மாலையில் நமது மாநிலத்தில் தடையுத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. ஏப்ரல் மாதப் பௌர்ணமியன்று மலைப்பாதையில் மனித நடமாட்டம் இல்லை. அதன் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலம் பௌர்ணமிக் கிரிவலத்திற்குத் தடை நீடித்து, 2022-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் மக்கள் மீண்டும் திரளாக வலம் வந்தனர். இடைப்பட்ட காலத்தில் நமது காய்கனிகள் வயலிலிருந்து அடுப்புக்குச் செல்லும் வழி எவ்வாறு அறுந்தது, எவ்வாறு வேறு வழிகள் உண்டாயின, அவற்றில் எவை நிலைத்தன என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்ளை நோய் நமது ஊருக்குப் புதிதன்று. 1905-ம் ஆண்டு வாக்கில் பிளேக்கு நோய் இங்கு பரவியபோது ஜனங்கள் ஊரைவிட்டு வெளியேறினர். விரூபாட்ச குகையில் தங்கியிருந்த ஸ்ரீ ரமண மகரிஷிகளும் அச்சமயம் சில மாதங்கள் பச்சையம்மன் கோயிலில் தங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆயினும் அக்காலத்து ஊர் உண்ட கீரையும் காயும் கட்டை வண்டி செல்லும் தூரத்திற்குள் விளைந்தவை. இன்றோ தக்காளி கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும் வெங்காயம் மராட்டிய மாநிலத்திலிருந்தும் வருகின்றன. நம்மவர் விளைவிப்பதில் ஒரு பெரும் பகுதி 190 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சென்னைக்குச் செல்கின்றது. வழி நீளமானதால் இடையில் நிற்கும் கைகளும் பெருகிவிட்டன. நோய் அந்தக் கைகளைத்தான் தாக்கியது.

விவசாயம் தடைசெய்யப்படவே இல்லை என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். ஊரடங்கு தொடங்கிய மூன்றாம் நாளே, அதாவது மார்ச்சு 27-ந் தேதி, உழவு வேலைகளுக்கும் விளைபொருள் கொள்முதலுக்கும் மைய அரசு விலக்கு அளித்துவிட்டது. கிணற்றில் நீர் இருந்தது, பயிர் வளர்ந்தது, உண்போரும் இருந்தனர். எனினும் பொருள் வயலிலேயே அழுகியது. இது எவ்வாறு நேர்ந்தது?

ஒரு மூட்டைக் கத்தரிக்காய் சென்னை செல்வதற்கு எத்தனை பேர் தேவை என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் பறிக்கும் பெண்கள் பத்துப் பேர் ஒரே சிறு லாரியில் நெருங்கி நின்று பக்கத்து ஊரிலிருந்து வருவர். சாக்கும் சணலும் விற்கும் கடை திறந்திருக்க வேண்டும். கிராமத்தில் மூட்டை சேர்க்கும் வண்டிக்காரர், நகரத்துத் தரகு மண்டிக்காரர், சுமை தூக்குவோர், லாரி ஓட்டுநர், அவருக்குத் துணையாள், நெடுஞ்சாலையில் அவர்களுக்குச் சோறும் தேநீரும் தரும் கடைக்காரர், சக்கரம் பழுதுபட்டால் ஒட்டுப் போடுபவர், பின்னர் சென்னையில் இறக்குவோர், எடை போடுவோர், சில்லறை வியாபாரி என்று இச்சங்கிலி நீளுகின்றது. அரசின் ஆணை லாரிக்கு வழிவிட்டது. வழியிலுள்ள உணவுக் கடையைத் திறக்க அது போதவில்லை. சோறு கிடைக்காத நெடுவழியில் ஓட்டுநர்கள் வண்டி எடுக்க மறுத்தனர். வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கித் தருவதே முதல் வாரத்தில் நம்மிடம் வந்த பெரும் வேலை. சீட்டு கையிலிருந்தும் ஓட்டுநர் இல்லாமல் வண்டி நின்றபோதுதான், சீட்டினால் மட்டும் சக்கரம் சுழலாது என்பது நமக்கு விளங்கியது.

எல்லாப் பொருள்களும் ஒரே அளவில் நஷ்டப்படவில்லை. எது எத்தனை காலம் பொறுக்கும் என்பதைப் பொறுத்தே இழப்பு அமைந்தது. ஜவ்வாது மலையில் விளையும் சாமையும் புளியும் மாதக் கணக்கில் பொறுக்கும். நிலக்கடலையை உலர்த்தி மூட்டை கட்டி வைக்கலாம். மேலும் 1933-ம் ஆண்டிலேயே வணிகப் பயிர்களுக்கெனச் சட்டம் செய்யப்பட்டு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், கிடங்கு, ஈட்டுக் கடன் என்ற ஏற்பாடுகள் படிப்படியாக வளர்ந்து வந்திருக்கின்றன. பூசணியும் பரங்கியும் வாரக்கணக்கில் நிற்கும். தக்காளி சில நாள். வெண்டைக்காய் இரண்டு நாளில் முற்றிப்போம். கீரை மாலைக்குள் வாடும். அதிகாலையில் பறித்த மல்லிகை மொட்டோ அன்றைய அந்திக்குள் யாரேனும் ஒருவர் கூந்தலையோ சுவாமியின் மார்பையோ அடைந்தாக வேண்டும். காலம் குறையக் குறையக் குடியானவரின் பேரம் பேசும் வலிமையும் குறைந்து போகின்றது. தருப்பூசணி பயிரிட்டோரின் துன்பம் வேறு வகை. பழம் சில நாள் தாங்கும். ஆனால் அதற்குரிய கோடைச் சாலைகளில் வழிப்போக்கர் எவரும் இல்லை.

இனிச் சென்னையின் வாயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1996-ம் ஆண்டு வரை கொத்தவால் சாவடியில் நடைபெற்று வந்த மொத்தக் காய்கறி வாணிபம் அவ்வாண்டில் கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. மூவாயிரத்திற்கு மேற்பட்ட கடைகள் கொண்ட அப்பெரும் அங்காடி தலைநகருக்கு மட்டுமன்றி வடமாவட்டங்கள் பலவற்றிற்கும் விலை நிர்ணயம் செய்யும் தராசாக விளங்குகின்றது. திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் போன தக்காளி விலை பேசப்பட்டு மீண்டும் இவ்வழியே திரும்பி வருவதும் உண்டு. இதைக் கேட்டு நகைப்பவர் உண்டு, ஆனால் வியாபாரம் அவ்வாறுதான் நடக்கிறது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அந்த அங்காடியில் நோய் பரவியது தெரியவந்து, மே 5-ந் தேதி அது மூடப்பட்டது. அங்கு வேலை செய்த நம் பக்கத்துச் சுமையாட்களும் வியாபாரிகளும் ஊர் திரும்பினர். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் அவ்வாறு திரும்பியோரிடம் நோய் மிகுதியாகக் காணப்பட்டது; நமது மாவட்டத்திலும் காணப்பட்டது. காய்கறி சென்ற அதே பாதையில் நோய் திரும்பி வந்தது எனலாம்.

இதன் விளைவாகக் கிராமத்தில் நேர்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிடுவது அவசியமாகும். நம் ஒன்றியத்து ஊர் ஒன்றில், சென்னைக்குக் காய்கறி ஏற்றிச் சென்று திரும்பிய ஓட்டுநர் ஒருவரின் தெருவை ஊரார் முள்வெட்டிப் போட்டு அடைத்துவிட்டனர். அத்தெருவில் கறக்கப்பட்ட பாலை ஊர்ச் சங்கத்தில் வாங்கவும் மறுத்தனர். கறந்த பாலைக் கீழே ஊற்றிவிட்டு, ஓட்டுநரின் தாயார் நம்மைப் பார்த்து, “ஐயா, என் மகன் ஏற்றிப்போன மூட்டையெல்லாம் இந்த ஊரார் மூட்டைதானே? பணத்தை வாங்கும்போது எவரும் நோயைக் கேட்கவில்லையே” என்றார். நாம் பதில் சொல்ல இயலாமல் நின்றோம். சுகாதாரப் பணியாளரும் ஊராட்சித் தலைவரும் இரண்டு நாள் முயன்று பேசிய பிறகே முள் அகற்றப்பட்டது. அந்த ஓட்டுநருக்கு நோய் இல்லை என்று பின்னர் தெரிந்தது. ஆயினும் அவர் அதற்குப் பின் பல மாதம் சென்னைக்கு வண்டி ஓட்டவில்லை. ஊரின் காய்கறி அத்தனை மாதம் வேறு வண்டியைத் தேட வேண்டியதாயிற்று.

கோயம்பேடு மூடப்பட்டதும் காய்கறி மொத்த வாணிபம் திருமழிசையிலும், கனி வாணிபம் மாதவரத்திலும் நடைபெற ஏற்பாடு செய்யப்பட்டது. திருமழிசையில் அமைந்தவை ஏறத்தாழ இருநூறு கடைகளே. மூவாயிரம் வாயில்கள் வழியே சென்ற வெள்ளம் இருநூறு மதகுகளின் வழியே செல்ல நேர்ந்தால் கரையில் என்ன நிகழும் என்பதை ஏரிப் பாசனக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. சிறு வியாபாரிகளுக்கு இடம் இல்லை. மழை பெய்தால் திறந்த வெளி சேறாயிற்று. செப்டம்பர் 28-ந் தேதி கோயம்பேட்டில் காய்கறி மொத்த விற்பனை மீண்டும் தொடங்கும் வரை இந்நிலைமை நீடித்தது.

இது நமது நாட்டிற்கு மட்டும் உரிய விபத்தன்று. சீனத் தலைநகராகிய பெய்ஜிங்கில் சின்ஃபாடி என்னும் மாபெரும் மொத்த அங்காடி அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நோய் காரணமாக மூடப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் பள்ளிகளும் உணவு விடுதிகளும் மூடப்பட்டதால் பண்ணைகளில் பாலை நிலத்தில் கொட்டினர். ஹாலந்து தேசத்தில் ஆல்ஸ்மீர் என்னுமிடத்தில் நடைபெறும் உலகப் புகழ் பெற்ற பூ ஏலத்தில் 2020-ம் ஆண்டு மார்ச்சு மாத நடுவில் விலை வீழ்ந்து, வாங்குவார் இன்றி மலைமலையாகப் பூக்களை அழித்தனர். குளிர்சாதன வண்டியும் மின்னணுத் தராசும் இருந்தும் அவர்களுக்கு நேர்ந்ததும் நமது துரிஞ்சாபுரத்துக் குடியானவருக்கு நேர்ந்ததும் ஒன்றே. பூவின் தேவை வீட்டில் உண்டாவதில்லை. பலர் கூடும் இடத்தில் உண்டாகிறது.

பூவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறலாம். மல்லிகை பங்குனி தொடங்கி ஆனி வரை மிகுதியாகப் பூக்கும். ஊரடங்கு சரியாக அப்பருவத்தில் வந்தது. கோயில்களில் பூசை நிற்கவில்லை. பக்தர்கள் வருகைதான் நின்றது. சுவாமிக்கு ஒரு மாலை போதும். அவரைக் காண வருவோர் வாங்கும் பூவிலேயே வாணிபம் நடக்கின்றது. திருமணங்களுக்கு ஐம்பது பேர் என்று வரையறை ஏற்பட்டது. பெரிய கோயில்கள் 2020-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதிதான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. நவம்பர் 29-ந் தேதி வந்த கார்த்திகைத் தீபமும் வெளியூர் மக்கள் இன்றியே நடந்தேறியது. சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பகுதிகளில் பூவிலிருந்து வாசனைச் சாரம் எடுக்கும் தொழிற்சாலைகள் இருப்பதால், மிகுந்துபோன பூவைக் குறைந்த விலைக்கேனும் தள்ளிவிட அங்கு ஒரு வழி உண்டு. அவை நமக்கு வெகு தொலைவு.

செடியில் பூவைப் பறிக்காமல் விட்டால் செலவு இல்லை என்று நகரத்தார் நினைக்கக்கூடும். பூத்த மலர் செடியிலேயே வாடி அழுகினால் அடுத்த அரும்புக்குக் கேடு. ஆகவே விற்காத பூவையும் கூலி கொடுத்துப் பறித்துக் கொட்ட வேண்டும். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை, கிணற்று மேட்டில் குவித்து வைத்த மல்லிகையின் மணம் சாலை வரை வீசுவதை நாமே கண்டோம். அக்குவியலுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த குடியானவர், “செடியைப் பிடுங்கிவிடலாமா, சொல்லுங்கள்” என்று கேட்டார். வைத்த செடி நன்றாகப் பலன் தரச் சில ஆண்டு ஆகும். பிடுங்குவதற்கு ஒரு நாள் போதும். நோய் எப்போது தணியும் என்று சொல்ல நம்மால் இயலவில்லை. பாதியை வைத்துக்கொண்டு பாதியில் காய்கறி போடுங்கள் என்று சொன்னோம்.

அந்த யோசனையை நாம் ஒருவருக்கு மட்டும் கூறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூட்டம் கூட்டாமல், தொலைபேசி வாயிலாகவே பல ஊர்களுக்கும் அதையே கூறினோம். வெண்டையும் கத்தரியும் குறுகிய நாளில் காய்ப்பவை என்பதால் பலரும் அவற்றையே விதைத்தனர். ஆடி கழிந்து காய் வந்தபோது ஒரே வாரத்தில் எல்லோருடைய காயும் ஒரே மண்டிக்கு வந்தது. விடுதிகளும் திருமண மண்டபங்களும் முழு அளவில் இயங்கவில்லை. விலை, பறிகூலிக்கே காணாத நிலைக்குத் தாழ்ந்தது. பயிர்மாற்றம் கூறுமுன் வாங்குவோர் யார் என்று கேட்கத் தவறியது நமது பிழை. இதை ஒளிக்காமல் எழுதுவதற்குக் காரணம், இதுபோன்ற யோசனையை இன்றும் நம் போன்ற அலுவலர் பலர் கூறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே.

பால் விஷயத்தில் நிலைமை சற்று மேலாக இருந்தது. தேநீர்க் கடைகள் மூடப்பட்டதால் தனியார் கொள்முதல் சில இடங்களில் குறைந்தது. அவ்வாறு கைவிடப்பட்டோர் கூட்டுறவுச் சங்கங்களை நாடினர். மிகுந்த பாலைப் பொடியாக்கும் வசதி ஆவினிடம் இருந்தமையால், பால் ஒரே நாளில் கெடும் பொருள் என்ற குறை ஓரளவு நீங்கியது. அதிகம் அழுகும் பொருளுக்கும் பொறுக்கும் காலத்தை உண்டாக்கலாம் என்பதற்கு இதுவே கண்கூடான சான்று. காய்கறிக்கு அத்தகைய ஸ்தாபனம் நம்மிடம் இல்லை.

நகரங்களில் நெரிசலைக் குறைப்பதற்காக உழவர் சந்தைகளும் காய்கறிச் சந்தைகளும் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் பெயர்க்கப்பட்டன. 1999-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி மதுரையில் தொடங்கப்பெற்ற உழவர் சந்தைத் திட்டத்தின் பயன் இச்சமயத்தில்தான் பலருக்கும் புலப்பட்டது. குடியானவர் அடையாள அட்டையும் அன்றாட விலைப் பலகையும் ஏற்கெனவே இருந்தமையால், இடம் மாறினும் ஒழுங்கு மாறவில்லை. வீட்டு வாயிலில் பல காய்களும் கலந்த பை ஒன்றை நூறு ரூபாய்க்குக் கொண்டுவந்து கொடுக்கும் முறையும் பல ஊர்களில் நடைபெற்றது. மகளிர் சுய உதவிக் குழுவினரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இதில் பங்கு கொண்டனர். மறு ஆண்டில், 2021 மே 24-ந் தேதி முதல் தளர்வில்லா ஊரடங்கு அறிவிக்கப்பட்டுக் காய்கறிக் கடைகளும் மூடப்பட்டபோது, தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து நடமாடும் வண்டிகள் மூலம் தெருத்தெருவாகக் காய்கறி விற்றன. முதலாண்டில் நமக்குத் தெரியாதிருந்தவை (எந்த ஊரில் எவரிடம் சிறு வண்டி உண்டு, எவர் எடை போடத் தெரிந்தவர், எந்தக் கிணற்றில் எந்த வாரம் காய் வரும் என்ற விவரங்கள்) இரண்டாம் ஆண்டில் ஊராட்சிச் செயலர்களின் கைக்குறிப்பில் இருந்தன. அதனால் வேலை எளிதாயிற்று.

நேரடி விற்பனையே எல்லாவற்றிற்கும் மருந்து என்று சிலர் எழுதி வருகின்றனர். அது முற்றும் சரியன்று என்பது நமது அபிப்பிராயம். மண்டிக்காரர் வெறும் இடைத்தரகர் அல்லர். விதைக்கும் மருந்துக்கும், சில சமயம் மகள் திருமணத்திற்கும் முன்பணம் கொடுப்பவர் அவரே. முன்பணம் வாங்கியவர் வேறு வாயிலில் மூட்டையை இறக்க இயலாது. நோய்க் காலத்தில் பக்கத்து நகரத்தில் விலை நன்றாக இருந்தும், கடன்பட்ட மண்டிக்கே கொண்டுசென்று குறைந்த விலை பெற்றோர் பலர். புதிய சந்தை அமைப்பதற்கு முன் இந்த முன்பணத்திற்கு மாற்றாகக் கூட்டுறவுக் கடன் உரிய காலத்தில் கிடைக்கச் செய்ய வேண்டும். கொட்டகை அதற்குப் பின்னர்.

குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்ற கோரிக்கையும் கிராமசபைகளில் அடிக்கடி எழுகின்றது. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மைய அரசு தொடங்கிய ஒரு இலட்சம் கோடி ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு நிதியின் கீழ், இரண்டு கோடி ரூபாய் வரையுள்ள கடனுக்கு மூன்று விழுக்காடு வட்டிச் சலுகை ஏற்படுத்தப்பட்டது. சங்கங்களும் குழுக்களும் அதைப் பற்றி வங்கியில் விசாரித்தல் நலம். ஆனால் உருளைக்கிழங்கிற்கு ஏற்ற குளிர் வெண்டைக்கு ஆகாது. கீரைக்குக் கிடங்கு வாடகை கட்டுப்படியாகாது. சிறு குடியானவருக்கு ஓரிரு நாள் பொறுக்க ஓர் எளிய வழி உண்டு. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறைப்படி, இரண்டு வரிசைச் செங்கல் சுவர்களை எழுப்பி, இடையில் மணல் நிரப்பி, அந்த மணலைக் காலையும் மாலையும் நீர் தெளித்து ஈரமாக வைத்தால், நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி உண்டாகும். மின்சாரம் வேண்டுவதில்லை. நிழலில் கட்ட வேண்டும். மேலே ஈரச் சாக்கோ ஓலைத் தட்டியோ மூட வேண்டும். நமது பக்கத்து வறண்ட கோடையில் இது நன்கு பயன்படும். காற்றில் ஈரம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகையில் அத்தனை பயன் தராது.

இன்று கோயம்பேட்டிற்கு லாரிகள் முன்போலவே செல்கின்றன. பௌர்ணமிக் கூட்டமும் திரும்பிவிட்டது. ஊரடங்கில் வேலை இழந்து சிறு வண்டியில் காய்கறி விற்கத் தொடங்கிய இளைஞர் சிலர் அத்தொழிலிலேயே நிலைத்துவிட்டனர். விடியுமுன் கிராமத்திற்கே வந்து எடை போட்டு, கைபேசி வாயிலாகப் பணம் செலுத்திவிட்டுப் போகின்றனர். அவர்கள் வாங்குவது சிறிதளவே. எனினும் மண்டி விலையைத் தவிர இன்னொரு விலை இருக்கிறது என்பது அவர்களால் ஊருக்குத் தெரிகின்றது.

கிணற்று மேட்டில் நாம் கண்ட குடியானவர் மல்லிகையில் பாதியை வைத்துக்கொண்டார். மறுபாதியில் இப்போது வெண்டை போடுவதில்லை. பக்கத்து நிலத்தார் போடாததைக் கேட்டறிந்து போடுகிறார். சென்ற கார்த்திகைத் தீபத்திற்கு முன்னாள் அவ்வழியே சென்றோம். பறிப்பு முடிந்து கூடைகள் வண்டியில் ஏறியிருந்தன. அவருடைய மனைவியார் வரப்பில் அமர்ந்து, திருவண்ணாமலை விலையையும் சென்னை விலையையும் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டிருந்தார். எந்த ஊருக்கு இன்று பூ போகிறது என்று கேட்டோம். “இரண்டுக்கும்தான், ஐயா” என்றார்.